இருபத்தாறு அறைக்குள் அடங்காத ‘அவர்கள்’

எங்கள் கட்டடத்தில் ஒரு சேதி ஏழாம் மாடியிலிருந்து தரைத்தளத்துக்கு இறங்க வேண்டுமென்றால், பொதுவாக என் உதவி தேவைப்படும். அந்த வியாழக்கிழமை மட்டும் யாருக்கும் நான் தேவைப்படவில்லை. ஏழு மாடிப் படிக்கட்டிலும் ஏழு தாள் ஒட்டியிருந்தது. இரண்டு ஓரத்திலும் துளை வரிசை கிழிக்கப்படாத அகலத் தாள். புள்ளி புள்ளியாக அச்சான எழுத்தில் இரண்டே வரி:

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்கள் பழுது. விரைவில் மாற்றப்படும்.
ஞாயிறு மாலை நான்கு மணிக்குப் பொதுக்கூட்டம். அனைவரும் தவறாமல் வருக.

லிப்ட் ஓடிய காலமாக இருந்தால் இதைப் பாதிப் பேர் பார்த்தே இருக்க மாட்டார்கள். அது நின்று மாதக்கணக்காகிறது. அதனால் எல்லாரும் நடந்தார்கள். நடந்தவர்கள் எல்லாரும் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கினார்கள். மூச்சு வாங்கிய இடத்திலெல்லாம் தாள் இருந்தது. ஏழாம் மாடி பஸ் டிரைவர் வேலைக்கு இறங்கும்போது ஏழு தடவை படித்தாராம். “ஏழு தடவையும் புதுசா இருந்துச்சுங்க,” என்று என்னிடம் சொல்லும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தலைவர் முதல் மாடிக்காரர். மெத்தைக் கடை வைத்திருக்கிறார். ஆறு வருஷமாகக் குடியிருப்போர் சங்கத்துக்குத் தலைவர். லிப்டை மாற்றுகிறேன் என்று சொல்லித்தான் முதல் தடவை ஜெயித்தார். அதையே சொல்லித்தான் மூன்றாம் தடவையும் ஜெயித்தார். அன்று காலை அவர் படியில் நின்று போட்ட சத்தம் இரண்டாம் மாடியில் என் தையல் மிஷின் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது.

“மாற்றப்படுவார்னு கூடப் போடலை பாருங்க! மாற்றப்படும்! நான் என்ன தண்ணிக் குழாயா?”

அவருக்கு வலித்தது அந்த இடத்தில். தூக்கப் போகிறார்கள் என்பதுகூடப் பரவாயில்லை, அஃறிணையாக்கிவிட்டார்களே என்று.

யார் ஆக்கியது? கட்டடமே ஒரே விரலை ஒரே பக்கம் நீட்டியது. என் எதிர் வீட்டை நோக்கி.

எதிர் வீட்டில் இருப்பவர் மிஷின் அக்கா. தரைத்தளத்தில் சங்க அலுவலகம் என்று ஓர் அறை இருக்கிறது. அதில் கறுப்புத் திரையில் பச்சை எழுத்து ஓடும் ஒரு பழைய கம்ப்யூட்டரும், அறிவிப்பு அச்சடிக்கும்போது தகரத்தைப் பிறாண்டுகிற மாதிரிக் கத்துகிற ஒரு பிரிண்டரும் உண்டு. இரண்டையும் பேச வைப்பது அக்காதான். அந்தக் கம்ப்யூட்டர் வந்த புதிதில் அதற்குத் தமிழே தெரியாது. அக்கா ஒரு மழைக்காலம் முழுக்க அதன் முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தையும் புள்ளி வைத்து வரைந்து, புரோகிராமும் தானே எழுதி, அதற்குத் தமிழ் அடிக்கச் சொல்லிக்கொடுத்தவர். அன்றிலிருந்து அலுவலகச் சாவி அவர் இடுப்பில்தான். புதுக் கம்ப்யூட்டர் வாங்கத் தீர்மானம் நாலு முறை நிறைவேறியிருக்கிறது. நாலு தீர்மானத்தையும் இந்தப் பழையதுதான் அழகாக அச்சடித்துக் கொடுத்தது.

போன தேர்தலில் அக்கா தலைவருக்கு எதிராகக் கை தூக்கியவர். அதை ஒளித்தும் வைக்கவில்லை. ஆகவே இது அவர் வேலைதான் என்று தலைவர் நினைத்ததில் ஆச்சரியமில்லை. அவர் வேலையாகத்தான் இருக்க வேண்டும் என்று மற்ற எல்லாரும் ஆசைப்பட்டதிலும் ஆச்சரியமில்லை.

உண்மை தெரிந்தது மூன்று பேருக்கு என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன். அதில் ஒருத்தி நான்.

நடந்தது இது. அதற்கு முந்தின வாரம் குளியலறை ஒழுகலைப் பற்றிப் புகார் சொல்ல அலுவலகத்துக்குப் போயிருந்தேன். உள்ளே பேச்சு நடந்துகொண்டிருந்ததால் ஜன்னலோரம் காத்திருந்தேன். காத்திருக்கும்போது காதைப் பொத்திக்கொள்ளும் பழக்கம் எனக்கு இல்லை. உள்ளே இருந்தது அக்காவும் சங்கச் செயலாளரும். செயலாளர் வேறு யாருமில்லை, அக்காவின் கொழுந்தனார். நாலாம் மாடி. டிரைவிங் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கிறவர். தலைவர் தும்மினால் இவர் மூக்கைத் துடைத்துக்கொள்வார்.

“அண்ணி, அறிவிப்புத் தலைப்புல ‘தலைவர்’னு வருதில்ல, அதுக்கப்புறம் ‘அவர்கள்’னு சேர்க்கணுமாம்.”

“யாருக்காம்?”

“அவருக்குத்தான். மொட்டையா நிக்குதாம்.”

“முன்னாடி ‘பெருமதிப்பிற்குரிய’ன்னு ஒரு ரயிலே நிக்குதே தம்பி. அது போதலையா?”

“அது முன்னாடி. இது பின்னாடி.”

“இடமில்லை.”

“எவ்வளவு இடம் இருக்கு?”

“இருபத்தாறு.”

கொழுந்தனார் விரல் விட்டு எண்ணினார். பெ, ரு, ம, தி, ப் என்று ஆரம்பித்து ஒவ்வொரு விரலாக மடக்கினார். கை போதாமல் இரண்டாம் சுற்று போனார். “பத்து. தலைவர் நாலு. அவர்கள் அஞ்சு. பத்தொன்பது. நடுவுல ரெண்டு இடைவெளி. இருபத்தொண்ணு! அண்ணி, அஞ்சு இடம் மிச்சமே இருக்கு!”

“உன் விரலுக்கு மிச்சம் இருக்கு. இதுக்கு இல்லை.” அக்கா திரையைத் தட்டினார். “நீ ‘ர்’ங்கறதை ஒரு எழுத்தா எண்ணறே. இது ‘ர’வை ஒரு அறையில வைக்கும், மேல வர்ற புள்ளியை இன்னொரு அறையில வைக்கும். கொம்புக்குத் தனி, காலுக்குத் தனி, சுழிக்குத் தனி. தாள்ல அடிக்கறப்பதான் ஒண்ணா ஒட்டும். உள்ளே எல்லாம் தனிக் குடித்தனம்.”

“ஒரு புள்ளிக்குப் போய் தனி அறையா?”

“ஆமா. இப்ப இருக்கிற தலைப்பே இருபத்தஞ்சு. மிச்சம் ஒண்ணே ஒண்ணு. இருபத்தேழாவது அறையில டாலர் குறி உட்கார்ந்திருக்கு. அச்சடிக்கற வேலை எழுத்தை ஒண்ணொண்ணா எடுத்துக்கிட்டே போகும். அந்த டாலரைப் பார்த்தாதான் நிக்கும். அதுக்கும் காசுக்கும் சம்பந்தமில்லை. நில்லுன்னு சொல்ற காவலாளி, அவ்வளவுதான். நீ நீளமா ஒண்ணைக் கொண்டுவந்து வச்சா அது இடம் இருக்கான்னு கேட்காம வரிசையா வச்சுக்கிட்டே போகும். காவலாளி மேலயே ஏறி உட்கார்ந்துக்கும்.”

“உட்கார்ந்தா?”

“பக்கத்து வீட்டுக்குள்ள போயிடும். போ, போய் வேலையைப் பாரு.”

அவர் போனார். ஆனால் விட்டுவிடுகிற முகமாக இல்லை என்று என் கண்ணுக்குத் தெரிந்தது. நான் என் ஒழுகலைச் சொல்லிவிட்டு மேலே வந்தேன்.

மறுவாரம் அக்கா மூன்று நாள் ஊரில் இல்லை. தங்கை வீடு மாற்றுகிறார் என்று சாமான் கட்டப் போனார். சாவி வீட்டில் ஆணியில் தொங்கியது. புதன்கிழமை பட்டன் வாங்கக் கீழே இறங்கினேன். அலுவலக ஜன்னல் திறந்திருந்தது. கொழுந்தனார் ஒற்றை விரலால், நாக்கை ஓரமாக வெளியே நீட்டிக்கொண்டு, எதையோ தட்டிக்கொண்டிருந்தார். நான் அங்கே கொஞ்சம் நின்றேன். ஒரு மணி நேரம் இருக்கும்.

அந்தப் ‘பக்கத்து வீட்டில்’ என்ன இருந்தது என்பது வியாழக்கிழமை தாளைப் பார்த்ததும் எனக்குப் புரிந்தது. அடிக்கடி ஒட்டுகிற அறிவிப்புகளை அக்கா தலைப்புக்கு அடுத்தடுத்து வரிசையாகச் சேர்த்து வைத்திருந்தார். முதலாவது, இரண்டு வருஷத்துக்கு முன் தலைவரே சொல்லி எழுத வைத்தது: லிப்ட் பழுது. விரைவில் மாற்றப்படும். ‘அவர்கள்’ மிச்சமிருந்த ஓர் அறையை இடைவெளிக்குக் கொடுத்துவிட்டு, காவலாளியை விழுங்கி, அடுத்து இருந்த ‘லிப்ட்’டையும் துல்லியமாக விழுங்கிவிட்டது. நானே விரல் விட்டுப் பார்த்தேன்: ‘அவர்கள்’ ஏழு அறை, காவலாளி ஒன்று, ‘லிப்ட்’ ஆறு. தையல்காரி நான், முப்பது வருஷமாகத் துணி வெட்டுகிறேன், இவ்வளவு கச்சிதமாக ஒரு துண்டு இன்னொன்றின் மேல் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

கொழுந்தனார் அச்சான தாளைப் படித்தே பார்க்காமல் ஏழு மாடியிலும் ஒட்டியிருக்கிறார். ‘அவர்கள்’ வந்துவிட்டதா என்று மட்டும் பார்த்தாராம். வந்திருந்தது.

வெள்ளிக்கிழமை அக்கா ஊரிலிருந்து வந்து படியேறும்போதே பஸ் டிரைவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“அக்கா, கலக்கிட்டீங்க!”

“என்னத்தை?”

டிரைவர் சுவரைக் காட்டினார். அக்கா படித்தார். இரண்டு நொடிதான். “தம்பீ!” என்று பல்லைக் கடித்தார். அது டிரைவரைக் கூப்பிட்டது இல்லை.

“நான் எழுதலைங்க,” என்றார்.

“புரியுது, புரியுது.” டிரைவர் கண்ணடித்தார்.

“என்ன புரியுது? நான் ஒருத்தரைத் திட்டினா கீழே என் பேரைப் போட்டுத் திட்டுவேன். ஊருக்குப் போய் ஒளிஞ்சுக்கிட்டுத் திட்ட மாட்டேன்.”

டிரைவர் இன்னும் பலமாகக் கண்ணடித்தார்.

அன்று மாலைக்குள் பதினோரு பேர் வந்து பாராட்டிவிட்டுப் போனார்கள். பல் டாக்டர் அம்மா ஒரு டப்பா பிஸ்கட்டோடு வந்தார். அக்கா பிஸ்கட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். எனக்கு அது கொஞ்சம் அதிகமாகத்தான் பட்டது. பிஸ்கட் என்ன பாவம் செய்தது?

தலைவர் ஒரு கடிதத்தோடு ஆள் அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமைப் பொதுக்கூட்டத்தில் அக்கா அதை எல்லார் முன்னாலும் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். ‘நான் வேண்டுமென்றே இந்த இழிவான அறிவிப்பை அச்சடித்தேன், மன்னிப்புக் கோருகிறேன்’ என்பது சாரம். இல்லாவிட்டால் அலுவலகச் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். அதோடு வேலையும் போகும்; அந்த அறையில் முப்பது வருஷமாகச் சம்பாதித்த பேரும் போகும்.

நான் சும்மா இருப்பேனா? எதிர் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

“அக்கா, புதன்கிழமை உங்க கொழுந்தனார் மிஷின்ல உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். கூட்டத்துல சொல்லிடவா?”

“வேணாம்.”

“ஏன்க்கா? நான் சாட்சி!”

“நீ சொன்னா யாரு நம்புவா? நீ சொல்றதுல பாதி நீயே தைச்சதுன்னு ஊருக்கே தெரியும்.” கோபமில்லாமல்தான் சொன்னார். அதனால் இன்னும் கொஞ்சம் சுட்டது. “இதை மிஷின் சொல்லும். நீ வாயைத் திறக்காம முன் வரிசையில உட்காரு, போதும்.”

சனிக்கிழமை அவர் வீட்டுக் கதவு ஒருக்களித்து இருந்தது. மூடிய கதவு வழியாக ஒட்டுக்கேட்கிறவள் இல்லை நான். திறந்த கதவு வேறு விஷயம். உள்ளே அக்கா, அவர் வீட்டுக்காரர், கொழுந்தனார். வீட்டுக்காரர் கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர், சாந்தமான மனுஷர். ஒரு சண்டையில்கூடக் குரலைக் கூட்டாமல், சின்னத் திருப்புளியால் திருகுகிற மாதிரியே பேசுவார்.

“ஒரு கையெழுத்துதானே. போட்டுட்டு வந்துடேன்.”

“எதுக்குப் போடணும்?”

“தம்பி பேரு வெளியில வந்தா அவன் தலைவர் முகத்துல எப்படி முழிப்பான்?”

“என் முகம் பரவாயில்லையா உங்களுக்கு?”

“உன்னை யாரு திட்டறா? எல்லாரும் கை குலுக்கிட்டுப் போறாங்க.”

“அதுதாங்க எரியுது. அவரு பொய்யாத் திட்டறாரு, இவங்க பொய்யாப் பாராட்டறாங்க. செய்யாத ஒண்ணுக்கு ரெண்டு பக்கமும் வாங்கிக்கிட்டு நான் நடுவுல நிக்கணுமா?”

கொழுந்தனார் தொண்டையைச் செருமினார். “அண்ணி, நான் நல்லதை நினைச்சுத்தான்…”

“உன் நல்லது ஏழு அறை அதிகம் தம்பி.”

“அவர்கிட்ட நான்தான்னு சொல்லிடட்டுமா?” என்றார் அவர். சொல்லக் கூடாது என்று யாராவது தடுக்க வேண்டும் என்ற நம்பிக்கை அந்தக் குரலில் தெளிவாக இருந்தது. அண்ணன் தடுத்தார். அண்ணி தடுக்கவில்லை.

“சொல்றதும் சொல்லாததும் உன் இஷ்டம். நான் காட்டிக் கொடுக்க மாட்டேன். ஆனா நான் செஞ்சேன்னும் சொல்ல மாட்டேன். அந்தக் கடுதாசியில என் கை படாது.”

“வேலை போயிடும்,” என்றார் வீட்டுக்காரர்.

“போகட்டும்.”

“அப்புறம் என்ன செய்வே?”

“உங்க கடையில வந்து உட்கார்ந்து வர்றவங்ககிட்ட மணி சொல்றேன்.”

ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்குத் தரைத்தளக் கூடத்தில் இருந்த நாற்காலி எல்லாம் நிரம்பி, படிக்கட்டிலும் ஆள். பொதுக்கூட்டத்துக்கு இவ்வளவு கூட்டத்தை நான் பார்த்ததே இல்லை. ‘தவறாமல் வருக’ என்ற வரி இந்தத் தடவைதான் வேலை செய்திருந்தது. நான் முன் வரிசை. அலுவலகக் கதவு விரியத் திறந்து, மிஷினும் பிரிண்டரும் எல்லாருக்கும் தெரிந்தன. தலைவர் மேசைக்குப் பின்னால். பக்கத்தில் கொழுந்தனார், கூரையில் சுற்றும் மின்விசிறியை முதன்முதலாகப் பார்ப்பவர் போல.

தலைவர் கடிதத்தை நீட்டினார். “படிங்கம்மா.”

அக்கா வாங்கவில்லை. “இது கையால எழுதின தாள். சங்கத்துத் தாள்னா மேல உங்க தலைப்போட அச்சாகி வரணுமே. அடிச்சுட்டு வந்துடட்டா?”

தலைவருக்கு அது நியாயமாகப் பட்டது. கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. “அடிங்க.”

“தலைப்பு எப்படி வரணும்?”

“எப்பவும் போலதான்.”

“எல்லார் முன்னாலயும் சொல்லிடுங்க. ‘அவர்கள்’ உண்டா, இல்லையா?”

“உண்டு,” என்றார் தலைவர், முதுகை நிமிர்த்திக்கொண்டு. கொழுந்தனாரின் கழுத்து இன்னும் மேலே போனது.

“வியாழக்கிழமை இது எப்படி இருந்ததோ அப்படியேதான் இருக்கு. நான் ஒரு எழுத்தைக்கூடத் தொடலை,” என்று கூட்டத்துக்குச் சொல்லிவிட்டு அக்கா உள்ளே போய் ஒரே ஒரு பொத்தானைத் தட்டினார். பிரிண்டர் கத்தியது. தாள் ஏறியது. அக்கா கிழித்து, பார்க்காமலே, முன் வரிசையில் இருந்த பல் டாக்டர் அம்மாவிடம் கொடுத்தார். “நீங்க படிங்க.”

டாக்டர் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். “பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்கள் பழுது. விரைவில்…” அதற்குமேல் அவரால் முடியவில்லை. கூடம் இடிந்துவிழுகிற மாதிரிச் சிரித்தது.

“பாருங்க திமிரை!” தலைவர் எழுந்துவிட்டார். “என் கண்ணு முன்னாலயே மறுபடியும்!”

“அப்போ நீங்க வந்து அடிங்க.”

“என்ன?”

“நான் அடிச்சாதானே திமிரு? நீங்களே உட்கார்ந்து, உங்க தலைப்பை நீங்களே புதுசாத் தட்டுங்க. நான் இங்க நிக்கறேன்.” இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு கதவுக்கு வெளியே வந்து நின்றார்.

அத்தனை பேர் பார்க்கும்போது மாட்டேன் என்று சொல்ல முடியுமா? தலைவர் உட்கார்ந்தார். அக்கா வெளியே நின்றபடியே எந்த எழுத்து எந்தப் பொத்தானில் என்று சொல்லச் சொல்ல, கால் மணி நேரம் வேர்வை வழியத் தட்டினார். கடைசிப் புள்ளியையும் வைத்துவிட்டு அச்சுப் பொத்தானை அழுத்தினார். பிரிண்டர் ஆள் யார் என்று பார்ப்பதில்லை. அதே வரி. இந்தத் தடவை தலைவரே கிழித்தார், தலைவரே படித்தார், வாய்க்குள்ளேயே.

யாரும் சிரிக்கவில்லை. எனக்கு அது ஆச்சரியம்தான். ஒரு மனுஷன் தன்னைத் தானே பழுது என்று அச்சடித்துக்கொண்டு நிற்கும்போது சிரிப்பு எங்கேயோ போய்விடுகிறது.

“மிஷின் கெட்டுப்போச்சு,” என்றார் தலைவர்.

“கெடலை. எழுத்தை எண்ணுங்க.”

“எதுக்கு?”

“எண்ணுங்க, சொல்றேன். இந்தப் பெட்டியில இருபத்தாறு இடம்.”

தலைவர் எண்ண ஆரம்பித்தார். பாதியில் நிறுத்தினார். “எண்ணியாச்சே! மொத்தம் இருபத்தொண்ணுதான், அஞ்சு இடம் மிச்சம்னு தம்பி அன்னைக்கே எண்ணிக் காட்டினாரே! அதுக்கப்புறம்தானே நான் சேர்க்கச் சொன்…”

நிறுத்தினார். ஆனால் அவருடைய வாக்கியத்துக்கும் காவலாளி இல்லை. போக வேண்டிய தூரம் ஏற்கெனவே போய்விட்டிருந்தது.

மூன்று பேருக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேனே, அது தப்பு. அக்காவின் வீட்டுக்காரரோடு நான்கு பேர். ஐந்தாவது ஆள் கடிதத்தையே எழுதியவர்.

பஸ் டிரைவர் பின்னாலிருந்து கேட்டார். “அப்போ ‘அவர்கள்’ சேர்த்தது செயலாளரா?”

கொழுந்தனார் மின்விசிறியிலிருந்து இறங்கினார். அண்ணனைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார். “நான்தாங்க,” என்றார். “அண்ணி இடமில்லைன்னாங்க. நான் விரல்ல எண்ணினேன். புள்ளியை எண்ணலை.”

“இருபத்தொண்ணு இல்லை, முப்பத்திமூணு,” என்றார் அக்கா. “வழிஞ்சது ஏழு.”

“புள்ளிக்கெல்லாமா இடம் கொடுக்கறது?” என்று தலைவர் முணுமுணுத்தார்.

“உள்ளே புள்ளிக்கும் தலைவருக்கும் ஒரே அளவு அறைதான். அது ஆளைப் பார்த்து இடம் விடாது.”

பல் டாக்டர் அம்மாவுக்கு ஒரு சந்தேகம் வந்தது. படித்தவர்களுக்கு வரும். “நீளமா வந்தா நிறுத்துன்னு முதல்லயே எழுதி வச்சிருக்கலாமேம்மா?”

“எழுதியிருக்கலாம். எழுதலை. அந்தக் காலத்துல இதுக்கு இருந்த ஞாபகத்துல அதுக்கு இடமில்லைன்னு விட்டேன்; அப்புறம் சோம்பேறித்தனம். அது என் தப்பு. அதுக்கு மன்னிப்புக் கேட்கச் சொல்லுங்க, இப்பவே கேட்கறேன்.” அக்கா மேசைக்குப் போய்க் கடிதத்தை எடுத்து, ஒரு வார்த்தையின் மேல் விரலை வைத்தார். “இதுல ‘வேண்டுமென்றே’ன்னு ஒண்ணு இருக்கு பாருங்க. இதுக்கு மட்டும் கேட்க மாட்டேன். பொய்னு தெரிஞ்சே எழுதினது நீங்க.”

என் நாக்கு என்ன பாடுபட்டது என்று எனக்குத்தான் தெரியும்.

தலைவர் கைக்குட்டையை எடுத்தார். கழுத்தைத் துடைத்தார். மெத்தை விற்கிறவர், விழும் இடத்தை மெத்தென்று ஆக்கிக்கொள்ளத் தெரிந்தவர். “சரி, ஏதோ நடந்துபோச்சு. விடுங்க. கடுதாசி வேணாம். அந்தப் பெட்டியைக் கொஞ்சம் பெரிசு பண்ண முடியுமா?”

“முடியும்.”

“எவ்வளவு நேரமாகும்?”

“அஞ்சு நிமிஷம்.”

முதலிலேயே இதைச் செய்திருந்தால் இவ்வளவு கலாட்டாவே இல்லையே என்று எனக்குத் தோன்றியது. மறுக்க மாட்டேன். பின் வரிசையில் இரண்டு பேருக்கும் தோன்றியது, திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். தலைவர் முகம் தெளிந்தது.

“அப்போ பண்ணிடுங்கம்மா, முடிஞ்சுது கதை.”

“பண்ண மாட்டேன்.”

“ஏன்?”

“இது இந்த நாற்காலிக்கு எழுதின தலைப்பு. உங்களுக்கு எழுதினது இல்லை. இன்னைக்கு ‘அவர்கள்’க்கு இடம் கேட்பீங்க, நாளைக்கு முன்னாடி இன்னொரு ரயில் வரும். வர்றவங்க எல்லாருக்கும் நான் சுவரை இடிச்சுக்கிட்டே இருக்க முடியாது. நாலு நாளா என்னைப் பொய்க்காரின்னு சொன்னவருக்கு நிச்சயமா முடியாது.”

“அப்படின்னா சாவியை வச்சுட்டுப் போங்க!” தலைவர் மேசையைத் தட்டினார்.

அக்கா இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். மேசையின் நடுவில் வைத்தார். “யாரு எடுக்கறீங்க?”

தலைவர் கொழுந்தனாரைப் பார்த்தார். கொழுந்தனார் தன் செருப்பைப் பார்த்தார். தலைவர் கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் சாவியைப் பார்த்தது. அவர் கை மெல்ல நீண்டது, பாதி வழியில் தண்ணீர் டம்ளரைப் பிடித்துக்கொண்டது. குடித்தார். டம்ளர் காலியான பிறகும் கொஞ்ச நேரம் வாயிலேயே வைத்திருந்தார்.

“எடுத்துக்கங்க,” என்றார் அக்கா மறுபடியும். நிஜமாகவே காத்திருந்தார். ஒரு நிமிஷத்துக்கு மேல் இருக்கும். பிறகு சாவியைத் தானே எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குள் போய் உட்கார்ந்தார்.

“வியாழக்கிழமை வந்த பிழையை யாரும் வேண்டுமென்றே செய்யலைன்னு ஒரு அறிவிப்பு போடறேன். ஏழு மாடிக்கும். தலைப்பு எப்படி வேணும் தலைவரே?”

தலைவர் கைக்குட்டையை மடித்தார். இன்னொரு தடவை மடித்தார்.

“பழையபடியே போடுங்க,” என்றார்.

“சரியாக் கேட்கலை.”

“வெறும் தலைவர்னே போடுங்கம்மா!”

பிரிண்டர் கத்தத் தொடங்கியது. கூட்டம் கலைந்தது. கொழுந்தனார் அலுவலக வாசலில் கொஞ்சம் நின்று, உள்ளே போகவும் மனமில்லாமல் மேலே போகவும் மனமில்லாமல், கடைசியில் பசை டப்பாவைத் தேடி எடுத்துக்கொண்டு நின்றார். அக்காவின் வீட்டுக்காரர் எல்லாரும் போகும்வரை காத்திருந்துவிட்டு ஜன்னல் பக்கம் வந்தார். நான் விட்டுப்போன கைப்பையைத் தேடிக்கொண்டிருந்தேன். அது என் தோளில்தான் இருந்தது.

“வா, போகலாம்,” என்றார் தாழ்ந்த குரலில். “போதும்.”

“நீங்க போங்க,” என்றார் அக்கா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “எனக்கு இன்னும் ஆறு தாள் இருக்கு.”